ஒன்பது பஞ்சரும் இரண்டு டயரும்: வேலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே சைக்கிள்

"அண்ணே, ஒரே டயர்ல ரெண்டு வேலையும் முடியணும், எதை வாங்கட்டும்?" என்று தம்பி கேட்டபோது, நானும் எல்லாரையும் போல ஒரு டயர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அதற்கு முந்தைய ஏழு மாதமாக அவன் டயர் விஷயத்தில் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து நடந்ததையெல்லாம் எழுதச் சொன்னேன். எழுதியபோது வெளிவந்தது இருவருமே எதிர்பார்க்காத கதை.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, வார இறுதியில் சேர்ந்து ஓட்டும் கூட்டத்தில் இளையவன். எடை 70 கிலோ. சைக்கிள் 9 கிலோ, வேலை நாட்களில் முதுகில் ஒரு பை. போக 17 கிலோமீட்டர், வர 17 கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள். மாதத்தில் இரண்டு பந்தயம் ஓட்டுவான்: ஒன்று தனியாளாக நேரத்தோடு போட்டியிடும் 40 கிலோமீட்டர், இன்னொன்று வளைவுகள் நிறைந்த சுற்றுப்பாதையில் கூட்டமாக ஒரு மணி நேரம். சைக்கிள் ஒன்றுதான், சக்கரமும் ஒரே ஜோடிதான். ரிம் பிரேக், அலுமினிய ரிம், ரிம்மின் உள் அகலம் 17 மி.மீ. இரண்டாவது ஜோடி சக்கரம் வாங்கினால் பிரச்சினையே இல்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவனிடம் அது இல்லை. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நான்கு மாதம்

ஆரம்பத்தில் போட்டிருந்தது 23 மி.மீ. அகலமான, இலேசான பந்தய டயர். எந்த கம்பெனி என்பது தேவையில்லை, ஏனென்றால் பிறகு பார்க்கப்போவது போல அதன் மீது பெரிய குற்றம் இல்லை. காற்று 120 பிஎஸ்ஐ (டயரில் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). ஏன் 120 என்று கேட்டேன், டயர் ஓரத்தில் அதிகபட்சம் 120 என்று அச்சிட்டிருந்ததாம். அதிகபட்சம் என்று போட்டிருப்பது தாண்டக்கூடாத எல்லை, அடிக்க வேண்டிய அளவு இல்லை. ஆனாலும் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அடித்தேன்.

நான்கு மாதத்தில் ஒன்பது பஞ்சர். வெறுத்துப்போய் "இந்தப் பந்தய டயரெல்லாம் ரோட்டுக்கு ஆகாது" என்ற முடிவுக்கு வந்தான்.

அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். நல்லவேளையாக அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது: டயர் மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவான். இதை அழகுக்காகச் செய்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் அதே ஒரு சாண் தள்ளித் தேடினால் போதும், முள்ளோ கம்பியோ அங்கேதான் இருக்கும். பழைய டியூபுகளையும் அவன் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் பிரேதப் பரிசோதனை சுலபமாக இருந்தது.

இரண்டு டியூபுகளில் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கீறல். அது குத்தியதால் வந்தது இல்லை, காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதி ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியதால் வந்தது. 120 அடிக்கிறவனுக்கு எப்படிக் காற்று குறையும்? அடிப்பது மாதத்துக்கு ஒரு தடவை! கடையில் கிடைக்கும் சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபே நாளுக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும், மூன்று வாரத்தில் 120 என்பது 80 பக்கம் வந்துவிடும், 23 மி.மீ. டயரில் முதுகுப் பையோடு போகிறவனுக்கு அது போதாது. ஆக, முதல் வாரம் தேவைக்கு அதிகமாகவும் கடைசி வாரம் தேவைக்குக் குறைவாகவும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு டியூபில் ஓட்டை உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம். ஸ்போக் துளைகளை மூடுகிற பட்டையான ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளையின் விளிம்பு டியூபை அறுத்திருந்தது. இதற்கு டயர் என்ன செய்யும்?

அடுத்த மூன்றும் ஒரே கம்பியின் வேலை. லாரி டயர்கள் கிழியும்போது உதிர்கிற முடி போன்ற இரும்புக் கம்பி இருக்கிறதே, சைக்கிள்காரர்களின் மிகப் பெரிய எதிரி அதுதான் என்பேன். அது டயரில் ஏறிவிட்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை பஞ்சர் ஆனபோது அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். மறுநாள் மீண்டும். இரண்டு நாள் கழித்து மீண்டும். மூன்றாவது தடவைதான் டயரின் உட்புறத்தில் ஒரு துணியை ஓட்டிப் பார்த்திருக்கிறான், துணி சிக்கிய இடத்தில் கம்பி. (விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், கண்ணாடியாக இருந்தால் விரல் போய்விடும்.)

மீதி மூன்று: முன் சக்கரத்தில் ஒரு கம்பி, பின் சக்கரத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லு. அந்தச் சில்லு இரண்டும் நான்காவது மாதத்தில், நனைந்த ரோட்டில். ஈரத்தில் ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும், தண்ணீர் அதற்கு எண்ணெய் போட்டது மாதிரி. அதோடு அந்தப் பின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகி, தொட்டால் துணி தெரிகிற நிலைக்கு வந்துவிட்டிருந்தது.

கணக்கைக் கூட்டுங்கள். ஒன்பதில் ஐந்து, அதாவது நசுங்கிய இரண்டு, ரிம் டேப் ஒன்று, கம்பியை எடுக்காமல் விட்டதால் வந்த மறு பஞ்சர்கள் இரண்டு, டயரை மாற்றியிருந்தாலும் வந்திருக்கும். மீதி நான்கில் இரண்டு தேய்ந்த டயரின் பாவம். டயர் வகையைக் குறை சொல்ல மிஞ்சியது இரண்டே இரண்டு. இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் அடுத்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த மூன்று மாதம்

ஆனால் அவன் போட்டது வேறு கணக்கு. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கான, உள்ளே தடித்த ரப்பர் அடுக்கு வைத்த 28 மி.மீ. டயர் ஒரு ஜோடி வாங்கினான். இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ், அதில் தரைப்பகுதிக்கு அடியில் 5 மி.மீ. தடிமனில் ஒரு மெத்தை போன்ற தடுப்பு இருக்கும். அவன் வாங்கியது அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்று. ஒவ்வொன்றும் 600 கிராம் பக்கம். பஞ்சர் அடியோடு நின்றது. மூன்று மாதத்தில் ஒன்றுகூட இல்லை, அதை மறைக்கக் கூடாது.

பந்தயத்தில்தான் சிக்கல். 40 கிலோமீட்டர் போட்டியில் வழக்கமான நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கினான், சுற்றுப் பந்தயத்தில் பாதியிலேயே கூட்டத்தை விட்டு உதிர்ந்தான். "டயர் வெயிட்டு இழுக்குதுண்ணே" என்றான். எனக்கு அதில்தான் சந்தேகம்.

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இலேசான டயரோடு ஒப்பிட்டால் ஜோடிக்கு 740 கிராம் அதிகம் என்று வையுங்கள். ரிம்மின் விளிம்பில் சுழல்கிற எடை என்பதால் வேகம் கூட்டும்போது அது இரண்டு மடங்காகக் கணக்காகும். நின்ற நிலையிலிருந்து 40 கி.மீ. வேகத்துக்குப் போக அந்தக் கூடுதல் எடைக்கு ஆகும் ஆற்றல் சுமார் 90 ஜூல். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோவை அதே வேகத்துக்குக் கொண்டுபோக ஆகும் ஆற்றல் 4,900 ஜூலுக்கு மேல். இரண்டு சதவீதம்கூட இல்லை. சுற்றுப் பந்தயத்தில் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் வேகமெடுக்கும்போது கொஞ்சம் உறைக்கும், நேர் ரோட்டுப் போட்டியில் இரண்டு நிமிடத்தை அது தின்ன முடியாது.

தின்றது உருளல் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி விரிகிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுசாகத் திருப்பித் தராது, ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ரப்பர் எவ்வளவு தடிப்போ, ரப்பருக்கு அடியில் இருக்கும் கேசிங் துணி எவ்வளவு விறைப்போ, அவ்வளவு நஷ்டம். நல்ல பந்தய டயருக்கு உருளல் தடைக் குணகம் 0.004 பக்கம் இருக்கும், தடித்த டயருக்கு 0.007 என்று வைத்தால் தப்பில்லை. 80 கிலோவுக்கு, 38 கி.மீ. வேகத்தில், இந்த 0.003 வித்தியாசம் மட்டும் 25 வாட். 250 வாட் மிதிக்கிற ஒருவனுக்கு அது பத்தில் ஒரு பங்கு! காற்றுத் தடையையும் சேர்த்து 40 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் இரண்டு நிமிடம் இருபது விநாடி அளவில் வருகிறது. அவன் கடிகாரத்தில் கண்டதும் ஏறத்தாழ அதேதான்.

இங்கேதான் என்னை வாயடைக்க வைத்த ஒரு விஷயம். இதே கணக்கை வேலைக்குப் போகும் பாதைக்கும் போட்டோம். பையோடு 85 கிலோ, சாவகாசமான 100 வாட். பந்தய டயரில் 17 கிலோமீட்டருக்கு 41 நிமிடம், தடித்த டயரில் 44. அதாவது ஒரு நடைக்கு மூன்று நிமிடம், வாரத்துக்குப் பத்து நடை, அரை மணி நேரம். நான்கு மாதத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒன்பது பஞ்சருக்குத் தலா பதினைந்து நிமிடம் என்றாலும் மொத்தம் இரண்டேகால் மணிதான். பஞ்சரே ஆகாத டயர், ஒன்பது பஞ்சர் ஆன டயரைவிட மூன்று மடங்குக்கு மேல் அவன் நேரத்தைச் சாப்பிட்டிருக்கும்!

இதைக் கேட்டு "அப்போ பஞ்சரே ஆகட்டும்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். தினமும் மூன்று நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடலாம், காலையில் ஆபீஸ் மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கை முழுக்கக் கரியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். நேரத்தைக் கூட்டிக் கழிப்பதில் இது வராது. ஆனாலும், வேலைக்குத் தடித்த டயர்தான் சரி என்ற முன்முடிவு அந்த இடத்தில் ஆடிப்போனது.

நடுவில், பந்தயத்துக்காக சனிக்கிழமை இரவு தடித்த டயரைக் கழற்றிப் பந்தய டயரை மாட்டும் சோதனையும் நடந்தது. தடித்த டயரின் ஓரம் அவ்வளவு முரடு, லீவர் இல்லாமல் ஏறாது, லீவரால் ஏற்றும்போது டியூபைக் கடித்துவிடும். இரண்டு வாரம் செய்தான், விட்டுவிட்டான். தினமும் ஓட்டுகிறவன் டயரை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பது அவனுக்கே தெரிந்துபோனது.

தேர்வு

இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "ஒரே டயர்" என்று கேட்டதிலேயே கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சைக்கிளில் இரண்டு டயர் இருக்கிறது, இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்னால். மிதிக்கும் விசை முழுவதும் பின்னால். தேய்மானம் பின்னால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அவன் பஞ்சரில் ஒன்பதுக்கு ஏழு பின்னால். முன் டயருக்கு வேறு பொறுப்பு: வளைவில் பிடிமானம், பிரேக் பிடிக்கும்போது பிடிமானம், காற்றை முதலில் கிழிப்பது. பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் டயர் வழுக்கினால் கீழேதான்.

எனவே வேலைக்கு ஒன்று பந்தயத்துக்கு ஒன்று என்று பிரிப்பதற்குப் பதில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று பிரித்தோம். முன்னால் கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000, டியூப் போடும் வகை. அது சுத்தமான பந்தய டயர் என்றாலும் தரைப்பகுதிக்கு அடியில் வெக்ட்ரான் என்ற கெட்டியான செயற்கை இழைப் பட்டை ஒன்று உண்டு. பின்னால் அதே கம்பெனியின் கிராண்ட் பிரீ 4 சீசன்: வெக்ட்ரான் பட்டை இரண்டு, பக்கச் சுவரிலும் வலைத்துணிக் காப்பு. உருளல் தடை கொஞ்சம் கூடும், தடித்த டயர் அளவுக்குப் போகாது. இந்தப் பெயர்களையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஷ்வால்பே, மிஷ்லன், விட்டோரியா எல்லாரிடமும் பந்தயத்துக்கு ஒன்று, அதற்கு ஒரு படி கெட்டியாக ஒன்று என்று ஜோடி இருக்கிறது.

அகலம் இரண்டுக்கும் 28. 25-ஐவிட 28 டயரின் குறுக்குவெட்டில் காற்றுக்கு 25 சதவீதம் கூடுதல் இடம், அதனால் குறைந்த அழுத்தத்திலேயே ரிம் தரையில் இடிக்காமல் ஓடும். 23-தான் வேகம் என்று பல காலம் எல்லாரும் நம்பினோம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தொழில்முறை வீரர்களே 25-க்கும் பிறகு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். காரணம் எளிது: கல்லுப்போல் காற்றடித்த டயர் சோதனை உருளையில் வேகமாகத் தெரியும், நிஜ ரோட்டின் சொரசொரப்பில் ஆளையும் சைக்கிளையும் தூக்கித் தூக்கிப் போடும், அந்தக் குலுக்கலை உடம்பு வாங்கிக்கொள்வதில் போகிற சக்தி திரும்பி வராது.

அகலத்துக்கு எல்லை சைக்கிள்தான். டயரில் 28 என்று எழுதியிருந்தாலும் அகல ரிம்மில் அதற்கு மேல் விரியும். பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில், ஃபோர்க்கின் இரு பக்கமும், 4 மி.மீ. ஆலன் சாவி தடையில்லாமல் நுழைய வேண்டும். தம்பியின் சைக்கிளில் 28 போட்ட பிறகு நுழைந்தது, அதுவும் உரசாத குறையாக.

காற்று: வேலை நாளில் பையோடு பின்னால் 80, முன்னால் 70. பந்தய நாளில் பை இல்லை, 75-ம் 68-ம். ஈரமான நாளில் இரண்டிலும் ஐந்து குறைவு. இவை அவன் எடைக்கும் அந்த ரோட்டுக்கும் வந்த எண்கள், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை அடிப்பது என்பதுதான் அந்த எண்களைவிட முக்கியமான மாற்றம்.

கோடு, பள்ளம், மீன்முள் வரி எல்லாம் இல்லாத வழுவழு டயர் மழையில் வழுக்காதா என்று பயந்தான். காரில் தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதக்கிற ஆபத்து உண்டு, சைக்கிளில் இல்லை. டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு விமானத் துறையில் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம். 60 பிஎஸ்ஐக்கே மணிக்கு 130 கி.மீ. பக்கம் வருகிறது. எந்த இறக்கத்தில் போவான் அவ்வளவு வேகம்? மழையில் பிடிமானம் ரப்பர் கலவையாலும் அழுத்தத்தாலும் வருவது. ரோட்டில் வரைந்த வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் எந்த டயரையும் வழுக்க வைக்கும்.

டியூபே இல்லாமல் ஓடும் டியூப்லெஸ் டயர்? அவன் ரிம் அதற்கானது இல்லை, பேச்சு முடிந்தது. டியூபில் மட்டும் ஒரு சபலம் வந்தது. லேட்டக்ஸ் டியூப் ஒவ்வொரு டயருக்கும் ஒன்றிரண்டு வாட் மிச்சம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு முன்னால் போட்டான். ஒரே இரவில் காற்று கணிசமாக இறங்கிவிடும், தினமும் காலையில் அடித்தால்தான் கிளம்ப முடியும். பத்து நாளில் பியூட்டைலுக்குத் திரும்பினான்.

அதற்குப் பிறகு

ஐந்து மாதம் ஆகிறது. பஞ்சர் இரண்டு. ஒன்று விரல் நீள ஆணி, அதற்கு எந்த டயரும் நிற்காது. இன்னொன்று பின்னால் மீண்டும் அதே லாரிக் கம்பி, ஆனால் இந்தத் தடவை ரோட்டோரத்திலேயே துணியை ஓட்டிக் கண்டுபிடித்து நகவெட்டியால் பிடுங்கிவிட்டுத்தான் புது டியூப் போட்டான், அதனால் ஒன்று ஒன்றாகவே நின்றது. 40 கிலோமீட்டர் போட்டியில் தடித்த டயர் காலத்தைவிட ஒரு நிமிடம் ஐம்பது விநாடி குறைத்திருக்கிறான். அன்று எதிர்காற்றும் குறைவாக இருந்தது, முழுப் பெருமையையும் டயருக்குக் கொடுக்க மாட்டேன். சுற்றுப் பந்தயத்தில் இப்போது கடைசி வரை கூட்டத்தில் இருக்கிறான், ஜெயிக்கவில்லை.

தப்பும் நடந்தது. ஒரு பந்தயத்துக்கு முந்தைய நாள் முன் டயரில் 55 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பார்த்தான், யாரோ சொன்னார்களாம், குறைத்தால் பிடிமானம் கூடும் என்று. வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்ததில் பயந்து பிரேக் பிடித்து இடம் இழந்தான். சொகுசு எதுவரை, நெளிவு எதிலிருந்து என்பதை அவரவர் எடையோடு இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் பந்தயத்துக்கு முந்தின நாள் இல்லை.

பின் டயர் இப்போது 3,800 கிலோமீட்டர் ஓடி நடுவில் சதுரமாகத் தொடங்கியிருக்கிறது. தேய்மானம் காட்டும் குழிப் புள்ளிகள் இரண்டும் மங்கலாகத் தெரிகின்றன. அவை மறைகிற வரை காத்திருக்காமல், மழை தொடங்குவதற்கு முன் மாற்றிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். முன் டயர் கிட்டத்தட்டப் புதிது போலவே இருக்கிறது. தேய்ந்த பின் டயரை முன்னால் போட்டு மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டான், அதற்கு மட்டும் யோசிக்காமல் வேண்டாம் என்றேன். பிடிமானம் அதிகம் தேவைப்படுகிற இடத்தில் இருப்பதிலேயே மோசமான டயரை வைப்பானேன்?

போன வாரம் அடுத்த கேள்வியோடு வந்தான். "அண்ணே, இந்தத் தடவை 30 போட்டுப் பாக்கலாமா?" கூட்டத்தில் ஒருவரிடம் 30 மி.மீ. டயர் போட்ட முன் சக்கரம் இருந்தது, கழற்றி வாங்கி இவன் ஃபோர்க்கில் மாட்டிப் பார்த்தோம். பிரேக்குக்கு அடியில் 4 மி.மீ. சாவியை விட்டான். போகவில்லை. 3 மி.மீ. சாவியை எடுத்தான். அதுவும் போகவில்லை.